சாணுக்குக் குறைந்த மீன்

ஹெய்வாட்ன, 11 நவம்பர் 1984

அன்புத் தம்பி ஐலிஃபுக்கு,

அக்கா குன்வோர் எழுதுகிறேன். நான் சுகம்தான். இடது தோள் மட்டும் ரேடியோவுக்கு முந்தி மழைச் செய்தி சொல்கிறது. உன் கால் பெருவிரல் வீக்கம் வடிந்ததா? பீரைக் குறை என்று டாக்டர் சொன்னது காதில் ஏறியதா இல்லையா?

அக்டோபர் கூட்டம் முடிந்தது. நீ வரவில்லை, வழக்கம்போல. ஏரியில் பங்குள்ள பதினொரு பண்ணைக்காரர்களும் வந்திருந்தார்கள்; நம் பண்ணைக்கு நான். அக்கரை ஆஸ்முன் ஒரு கத்தைக் காகிதத்தோடு வந்தான். மீனைக் கூண்டில் அடைத்து வளர்க்கிற கம்பெனி ஒன்று நம் ஏரியை இருபது வருடக் குத்தகைக்குக் கேட்கிறதாம். எட்டுக் கூண்டு. படகு விடக்கூடாது, தூண்டில் போடக்கூடாது. அப்புறம் தூண்டில்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிற என் ஆறு படகுகளையும் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து நான் ஸ்வெட்டர் பின்ன வேண்டியதுதான்.

ஆஸ்முன் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. "இந்த ஏரியில என்ன இருக்கு, குன்வோர்? ஒஸ்லோலேர்ந்து வந்தவன் ஆறு நாள்ல இருநூத்திப் பன்னெண்டு மீன் புடிச்சான். ஒண்ணாவது சாணுக்கு மேல இருந்துச்சா?" என்றான். இல்லைதான். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான் நம் ஏரி ரோயெ மீனுக்கு.

ஆனால் ட்ரொம்ஸோவிலிருந்து மீன் ஆராய்ச்சிக்கு வந்த தூரிட் என்ற பெண் என் சமையலறையில் உட்கார்ந்து ஒரு காரியம் செய்தாள். சாண் நீளம்கூட இல்லாத மீனின் தலையைக் கீறி, காதுக்குள் இருக்கும் அரிசி நொய் மாதிரி ஒரு கல்லை எடுத்தாள். லென்சை வைத்து அதிலிருந்த வளையங்களை எண்ணினாள். "அக்கா, இது குஞ்சு இல்ல. பதினோரு வயசுக் கிழவன்" என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வருடக்கணக்காக "வளரட்டும், பாவம்" என்று நாம் திருப்பி விட்டதெல்லாம் குஞ்சே இல்லையடா! தீனிக்கு ஆயிரம் வாய், அதனால் எதுவும் வளரவில்லை. சின்னதைப் பிடித்துத் தள்ளினால்தான் மிச்சம் வளரும்.

கூட்டத்தில் இதைச் சொன்னேன். சாணுக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும், சின்னக் கண் வலை போடக்கூடாது என்று எந்தக் காலத்திலோ போட்ட விதி இருக்கிறதல்லவா, அதை இரண்டு கோடைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆஸ்முன் மேசையைத் தட்டி, "எண்பத்தாறு அக்டோபர் கூட்டத்துல இந்த மேசை மேல அரைக் கிலோ ரோயெ ஒண்ணு வை. கூண்டுக்காரனை நானே திருப்பி அனுப்புறேன். இல்லேன்னா குத்தகைதான்" என்றான். "ஒண்ணு என்ன, மூணு வைக்கிறேன்" என்றேன். வைப்பேன்.

அந்தக் கூட்டத்தில் குத்தகைக்கும் விதிக்கும் சேர்த்து ஓட்டு. பண்ணை நம் இருவர் பெயரிலும் இருப்பதால் நம் ஓட்டுக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். காகிதம் வைத்திருக்கிறேன். உன் சோம்பல் எனக்குத் தெரியும் என்பதால் இரண்டு வருடம் முந்தியே அனுப்புகிறேன். போட்டு அனுப்பு.

உன் நலம் வேண்டும்,
அக்கா குன்வோர்


ட்ரொண்ட்ஹெய்ம், 20 ஜனவரி 1985

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருடம் உனக்கு நல்லபடியாக அமையட்டும். பெருவிரல் பரவாயில்லை; செருப்புக்குள் நுழைகிறது, பூட்ஸுக்குள் நுழைய மறுக்கிறது. தோளுக்குக் கம்பளி சுற்றிக்கொள். பதில் தாமதம்; மன்னித்துக்கொள். பத்திரிகையில் கிறிஸ்துமஸ் வேலை நெரித்துவிட்டது.

உன் உறை வந்து சேர்ந்தது. தூரிட் என்பவள் படித்தவளாகத்தான் இருப்பாள். ஆனால் இருபத்தைந்து வருடமாக சனிக்கிழமைதோறும் "எந்த ஏரியில் என்ன மீன்" என்று எழுதி வருகிறவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன்: சின்னதையெல்லாம் கொன்றுவிட்டால் பெரியது எங்கிருந்து வரும்? வானத்திலிருந்தா? இந்த நாட்டில் தூண்டில்காரர்களுக்கு ஒரு நாகரிகம் வந்திருக்கிறது என்றால் சின்ன மீனைத் திருப்பி விடுகிற பழக்கத்தால்தான். அதைக் கற்றுக்கொடுக்க எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்று உனக்குத் தெரியும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று மட்டும் சொல்கிறேன். ஏரியைப் பொறுத்தவரை அதை நேராகவே எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே ஆற்றின் ஓரம் முழுக்க உறைந்து கிடக்கிறது. எடிட்டருக்கு இரண்டாவது பேத்தி பிறந்திருக்கிறாள்.

அன்புடன்,
ஐலிஃப்


ஹெய்வாட்ன, 28 ஏப்ரல் 1985

என் அருமைத் தம்பிக்கு,

நான் எருமை மாதிரி இருக்கிறேன். எந்தக் குறையும் இல்லை. உன் எடிட்டரின் பேத்தியும் சுகமாக இருக்கட்டும். ஆனால் நான் அனுப்பிய காகிதத்துக்கும் அந்தப் பேத்திக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் புரியவில்லை.

ஏரி மேல் இன்னும் ஒரு மீட்டர் பனிக்கட்டி. அதில் ஓட்டை போட்டு நாற்பது கம்பிக்கூடுகளை இறக்கியிருக்கிறோம். உள்ளே போன மீன் வெளியே வர வழி தெரியாமல் முழிக்கும். இழுத்தால் ஒவ்வொரு கூட்டிலும் வாளி வாளியாக வருகிறது. இதுவரை தொள்ளாயிரம் கிலோ! எல்லாம் ஒரே அளவு, ஒரே மூஞ்சி, தலை பெரிசு உடம்பு சிறிசு. இந்தக் குட்டை ரோயெக்கு நம் ஊர்க்காரர்கள் "ஆயிரம் தம்பிகள்" என்று பேர் வைத்தது சரிதான். எனக்கு ஒரே ஒரு தம்பி, அவனிடம் ஒரு கையெழுத்து வாங்க முடியவில்லை. ஆயிரம் தம்பியை வைத்துக்கொண்டு இந்த ஏரி என்ன பாடுபட்டிருக்கும் பார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கடையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கிறது. "குன்வோர் குழந்தைங்களக் கொல்றா" என்று தபால்காரர் மனைவி சொன்னாளாம். நான் அவள் வாசலிலேயே போய் நின்று, "அந்தக் குழந்தைக்கு என்ன வயசு தெரியுமா? உன் கல்யாணத்தப்பவே அது வயசுக்கு வந்தாச்சு" என்றேன். மறுநாள் அவளே வாளியைத் தூக்கிக்கொண்டு பனிமேல் வந்துவிட்டாள். இப்போது மாதர் சங்கத்துப் பெண்கள் ஆறு பேர் வருகிறார்கள். எலும்போடு அரைத்து மீன் வடை சுட்டு பஜாரில் வைத்தோம். முதலில் "பூனைச் சோறு" என்று மூக்கைச் சுளித்தவர்கள் கடைசியில் தட்டை வழித்தார்கள்.

மிச்சத்தையெல்லாம் ஆஸ்முன் தோலுக்காக நரி வளர்க்கிற தன் பண்ணைக்கு ஏற்றிக்கொண்டு போகிறான். வெட்கமே இல்லை. "என் நரிங்களுக்கு உன் கொள்கை ரொம்பப் பிடிச்சிருக்கு, குன்வோர். எனக்குத்தான் பிடிக்கல" என்கிறான்.

கோடைக்கு முன்னால் உன் பத்தியில் நம் ஏரியைப் பற்றி ரெண்டு வரி எழுது. "இந்த வருடம் சின்ன மீன் எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாம், ஒன்றையும் விடாதீர்கள்" என்று. நாலு தூண்டில்காரர்கள் வந்தால் எனக்கு நாற்பது கூட்டுக்குச் சமம்.

காகிதம், தம்பி, காகிதம்.

உன்னை மறக்காத,
குன்வோர்


ட்ரொண்ட்ஹெய்ம், 2 ஜூன் 1985

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் அவ்வாறே என்று நம்புகிறேன். பனியில் நடக்கும்போது பார்த்து நட என்று எழுத நினைத்தேன்; இந்நேரம் கரைந்திருக்கும்.

கோடைக்கால மீன் நிலவரம் நேற்று அச்சாகிவிட்டது. நறுக்கை வைத்திருக்கிறேன். நம் ஏரி அதில் இல்லை. "ஒன்றையும் விடாதீர்கள்" என்று என் பெயர் போட்டு என்னால் எழுத முடியாது. வாசகர்கள் என்னை வேறு மாதிரி அறிந்தவர்கள். ஒரு ஏரிக்காக எல்லாவற்றையும் மாற்றிப் பேசினால் சிரிப்பார்கள். புரிந்துகொள்வாய்.

பெரிய மீன் வந்தால் எழுதுகிறேன். அது வாக்கு.

ஐலிஃப்


ஹெய்வாட்ன, 15 செப்டம்பர் 1985

அன்புத் தம்பி,

சுகமா? இங்கே எல்லோரும் சுகம், கொசு உள்பட.

முதல் கோடை முடிந்தது. கூட்டிலும் வலையிலும் சேர்த்து ஐந்து டன் வெளியே போய்விட்டது. என் கையைப் பார்த்தால் நீ பயந்துவிடுவாய். ஒரு மாதமாக மோதிரம் ஏறவில்லை. தூரிட் அளந்து பார்த்தாள். ஒவ்வொன்றும் இரண்டு விரற்கடை நீண்டிருக்கிறது! அறுத்தால் முன்பெல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருக்குமே சதை, இப்போது இளஞ்சிவப்பு. வயிற்றில் கொழுப்பு. வெண்ணெயில் போட்டால் வாசனை அக்கரை வரைக்கும் போகிறது. ஆஸ்முன் படகைத் திருப்பிக்கொண்டு வந்து சாப்பிட்டுவிட்டு "சுமார்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான். மூன்றாவது தட்டுக்குப் பிறகு சொன்னான்.

அரைக் கிலோவுக்கு இன்னும் வெகுதூரம். பெரியது இருநூறு கிராம். ஆனால் நான் சொன்னது சொன்னதுதான். அடுத்த வருடம் மேசையில் மூன்று.

ஏரி ஏன் இப்படி ஆனது என்று தூரிட் அறிக்கை எழுதுகிறாள். என்னையும் கேட்டாள். குளிர்காலம் நீளம், தண்ணீர் ஆழம், பெரிய மீனைப் பிடித்துத் தின்றவர்கள் அதிகம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

காகிதத்தைத் தொலைத்துவிட்டாயா? வேறு ஒன்று வைத்திருக்கிறேன். உன் பேனாவில் மை இருக்கிறதா என்று பார். இல்லை என்றால் அதையும் அனுப்பி வைக்கிறேன்.

பாசத்துடன்,
அக்கா


ஹெய்வாட்ன, 3 பிப்ரவரி 1986

ஐலிஃப்,

உயிரோடு இருக்கிறாயா? நான் கடைசியாக எழுதி நாலரை மாதம். நடுவில் ஒரு கிறிஸ்துமஸ் அட்டை, அதில் உன் பெயர் மட்டும். என் மேல் கோபம் என்றால் கோபம் என்று எழுது, நான் தாங்கிக்கொள்வேன். இப்படி ஒன்றுமே எழுதாமல் இருந்தால் ராத்திரியில் உன் காலைப் பற்றி, நெஞ்சைப் பற்றி என்னென்னவோ நினைப்பு வருகிறது. எனக்கு இருக்கிறது நீ ஒருத்தன்.

நான் சுகம்.

குன்வோர்


ட்ரொண்ட்ஹெய்ம், 9 மார்ச் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் எதுவும் இல்லை. காலும் நெஞ்சும் நன்றாகவே இருக்கின்றன. உன்னைக் கவலைப்பட வைத்ததற்கு வருந்துகிறேன்.

ஜனவரியில் இங்கே நூலகத்தில் தூண்டில்காரர் சங்கத்துக்கு ஒரு பேச்சு. "பண்புள்ள தூண்டில்" என்று எப்போதும் பேசுகிற பேச்சுதான். முடிந்ததும் ஒருவர் எழுந்து, "ஹெய்வாட்ன ஏரி அறிக்கை படிச்சீங்களா சார்? அது உங்க ஊராச்சே?" என்று கேட்டார். படிக்கவில்லை என்றேன். பிறகு வரவழைத்துப் படித்தேன்.

பதினாலாம் பக்கத்தில் 1959-ல் போட்ட விதியைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. ஏரி குட்டை மீனால் நிறைந்ததற்கு அதுதான் முக்கியக் காரணம் என்று தூரிட் எழுதியிருக்கிறாள். நீ அதைப் படித்தாயா? அதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தோள் எப்படி இருக்கிறது?

ஐலிஃப்


ஹெய்வாட்ன, 20 ஜூலை 1986

அன்புத் தம்பி ஐலிஃபுக்கு,

தோள் நன்றாக இருக்கிறது. நீ கோபமில்லை என்று எழுதியதைப் படித்துவிட்டு அன்றைக்கே ஒரு கேக் சுட்டேன். பனி உருகியதிலிருந்து பேனாவைத் தொட நேரம் இல்லை. இன்னும் நான்கு டன் எடுத்தாயிற்று.

ஜூனில் பண்ணைக்காரர்களைக் கூட்டி நானே ஒரு விதி போட வைத்தேன். ஒன்றரைச் சாணுக்கு மேல் இருக்கிற ரோயெயை யார் பிடித்தாலும் திருப்பி விட்டுவிட வேண்டும். பெரியது சின்னதைத் தின்னும். நமக்கு அது சம்பளம் வாங்காத வேலைக்காரன். ஆஸ்முன் விழுந்து விழுந்து சிரித்தான். "அரைக் கிலோ மீன் ஒன்றரைச் சாணுக்கு மேலதான இருக்கும்? எப்படி மேசைக்குக் கொண்டு வருவ?" என்றான். அதற்கும் வழி இருக்கிறது. அக்டோபர் முதல் வாரம் தூரிட் சோதனை வலை போடுவாள்; அதில் செத்து வருவதை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி வாங்கியிருக்கிறேன். நான் என்ன நேற்றுப் பிறந்தவளா?

போன வாரம் ஆஸ்முனின் மச்சினன் என் படகில் போய் ஒன்றரைச் சாணுக்கு ஒரு விரல் கூடுதலாக ஒரு மீனைப் பிடித்துவிட்டான். நானூறு கிராம். கட்டிப்பிடித்து போட்டோ எடுத்துக்கொள்ளப் பார்த்தான். "விடு" என்றேன். "என் வாழ்க்கையிலேயே பெரிய ரோயெ இது!" என்று கெஞ்சினான். "அதோட வாழ்க்கையிலும் நீதான் பெரிய மனுஷன். விடு" என்றேன். அழாத குறையாக விட்டான். ஆஸ்முனுக்கு இன்னும் ஆறவில்லை.

எண்ணிப் பார்த்தேன். நம்மையும் சேர்த்து ஐந்து பண்ணை நம் பக்கம் உறுதி, நான்கு குத்தகைப் பக்கம், இரண்டு ஊசலாட்டம். நம் ஓட்டுச் செல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். இது மூன்றாவது காகிதம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஹெய்வாட்ன, 24 செப்டம்பர் 1986

தம்பி!

சுகம் விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன்.

நேற்று முன்தினம் காலை பாறை முனைப் பக்கம் தனியாகப் படகில் போனேன். தூண்டிலை ஆழத்தில் இறக்கி உட்கார்ந்திருந்தேன். இழுத்தது பார், கல்லில் மாட்டிக்கொண்டதோ என்று நினைத்தேன். கல் நீந்துமா? கால் மணி நேரம் என்னைப் படகோடு திருப்பியது. கடைசியில் வலைக்கரண்டியில் விழுந்தது. வயிறு நெருப்புச் சிவப்பு, துடுப்பு ஓரமெல்லாம் பால்வெள்ளை. கொக்கித் தராசில் மாட்டினேன். எண்ணூற்று நாற்பது கிராம்!

ஐலிஃப், நான் தனியாக உட்கார்ந்து கத்தினேன். காக்கைகள் எழுந்து பறந்தன.

அப்புறம் விட்டுவிட்டேன்.

திட்டாதே. முட்டை நிறைந்த பெட்டை. ஒன்றரைச் சாணுக்கு மேலே வெகுதூரம். அந்த மச்சினனை அழ வைத்து விட வைத்தவள் நான். யாரும் பார்க்கவில்லை என்பதற்காக வாளிக்குள் போட்டுக்கொண்டால் நான் யார்? கையைத் தண்ணீருக்குள் வைத்துப் பிடித்திருந்தேன். ஒரு நிமிடம் யோசித்தது, பிறகு வாலை ஒரு அடி அடித்துவிட்டுப் போயிற்று. என் முகமெல்லாம் தண்ணீர்.

ஒன்று இருந்தால் பத்து இருக்கும். அடுத்த வாரம் சோதனை வலையில் வரட்டும். கூட்டம் அக்டோபர் பதினொன்று. மேசையைத் துடைத்து வைக்கச் சொல்லிவிட்டேன்.

பெருவிரல் எப்படி?

குன்வோர்


ட்ரொண்ட்ஹெய்ம், 5 அக்டோபர் 1986

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் "பைத்தியக்காரி!" என்று சத்தமாகச் சொன்னேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

உனக்கு எல்லாம் தெரியும், எனக்கும் தெரியும், இருந்தாலும் இப்போது நானே சொல்ல வேண்டும். அந்த விதியைக் கொண்டுவந்தவன் நான். 1959, இருபத்து நான்கு வயது, நகரத்தில் நாலு புத்தகம் படித்துவிட்டு வந்து கூட்டத்தில் எழுந்து நின்று பேசினேன். சாணுக்குக் குறைந்ததை விடுங்கள், சின்னக் கண் வலையை எரியுங்கள் என்று. பெரியதையெல்லாம் பிடித்துத் தின்றோம், சின்னதையெல்லாம் வளர்க்கிறோம் என்று நினைத்துப் பட்டினி போட்டோம். அந்தப் பேச்சைத்தான் முதல் கட்டுரையாக எழுதிப் பத்திரிகையில் வேலை வாங்கினேன். இருபத்தேழு வருடம் அதை வைத்தே சாப்பிட்டிருக்கிறேன். நான் கொன்ற ஏரியால் எனக்குப் பேர்!

உன் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் அதை ஒப்புக்கொண்டதாகும். அதனால்தான் போடவில்லை. பெருவிரலும் இல்லை, எடிட்டரும் இல்லை. உன் ஒவ்வொரு கடிதத்தையும் பிரிக்கும்போது "எல்லாம் உன்னாலதாண்டா" என்ற வரி எங்கே என்று தேடினேன். ஆறு கடிதம். எதிலும் இல்லை. நேராகக் கேட்டும் நீ தோளைப் பற்றித்தான் எழுதினாய். என்னைக் காப்பாற்றத்தான் நீ வாயைத் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் தாங்க முடியாமல் போயிற்று.

யாரும் பார்க்காத இடத்தில் நீ உன் விதிக்குக் கட்டுப்பட்டாய். ஆயிரம் பேர் பார்க்கிற இடத்தில் இருந்துகொண்டு நான் வாயைத் திறக்கவில்லை. நேற்றைய பத்தி இதோடு இருக்கிறது. தலைப்பு: "ஹெய்வாட்ன ஏரி: என் தவறு." எடிட்டர் வேண்டாம் என்றார். இதைப் போடாவிட்டால் வேறு எதையும் எழுத மாட்டேன் என்றேன்.

கையெழுத்தும் இருக்கிறது. மூன்று காகிதத்திலும் போட்டிருக்கிறேன். எக்ஸ்பிரஸ் தபால்.

உன் தம்பி,
ஐலிஃப்


ஹெய்வாட்ன, 7 அக்டோபர் 1986

ஐலிஃப்,

சுகம்.

சோதனை வலையை இன்று கடைசியாக எடுத்தோம். மொத்தம் முந்நூற்று ஆறு மீன். மிகப் பெரியது நானூற்று நாற்பது கிராம். அதைத் திரும்பத் திரும்பத் தராசில் வைத்தேன். தூரிட் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அக்கா, போதும்" என்றாள்.

வாய்க்கொழுப்பு எனக்கு. மூன்று வைப்பேன் என்றேன். சனிக்கிழமை வெறும் மேசைக்கு முன்னால் நிற்கப் போகிறேன். உன்னிடமிருந்து தபால் ஒன்றும் இல்லை.

குன்வோர்


ஹெய்வாட்ன, 12 அக்டோபர் 1986

என் தம்பிக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று இன்றைக்குச் சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். அந்தப் பத்தி வந்த பிறகு யாராவது உன்னைத் தெருவில் நிறுத்தி ஏதாவது சொன்னார்களா? சொன்னால் ஆள் யார் என்று எழுது.

உன் உறை வெள்ளிக்கிழமை மாலை வந்தது. தபால்காரரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு அவர் முன்னாலேயே படித்தேன். அழுதேன். நான்தான், உன் அக்காதான். பாவம், அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. காபியைக் குடித்துக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது கூட்டம். மேசையில் காபிக் கெட்டில், வாஃபிள் தட்டு, வேறு ஒன்றும் இல்லை. ஆஸ்முன் எழுந்து, "சரி குன்வோர், மீன் எங்க?" என்றான்.

"ஏரியில."

"எவ்வளவு பெருசு?"

"எண்ணூத்தி நாப்பது கிராம்."

"யார் பார்த்தா?"

"நானும் மீனும்."

கூரை பறக்கச் சிரித்தார்கள். நான் உட்காரவில்லை. சிரிப்பு அடங்கியதும் உன் பத்தியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். விதி போட்ட கூட்டத்தில் இருந்தவர்கள் நாலைந்து பேர் இன்னும் இருக்கிறார்களே, அவர்கள் குனிந்து தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆஸ்முன்தான் கடைசியில் பேசினான். "மேசை காலி. நான் சொன்னது மேசையில மீன். அதனால நான் கை தூக்க மாட்டேன், என் சொல் சொல்தான்" என்றான். உடனே கூட்டத்துப் பக்கம் திரும்பி, "ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. பொய் சொல்ற பொம்பள ஐந்நூத்தி இருபதுன்னு சொல்லியிருப்பா. எண்ணூத்தி நாப்பதுன்னு சொல்லி, அதையும் விட்டுட்டேன்னு சொல்லணும்னா பைத்தியமா இருக்கணும், இல்ல அந்த மீன் இருந்திருக்கணும். குன்வோர் பைத்தியமில்ல. என் மச்சினனையே விட வச்சவ அவ" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து வாஃபிளைக் கடித்தான்.

ஓட்டு என்ன ஆயிற்று என்று சொல்வதற்கு முன்னால், தம்பி, நீ எழுதியதில் ஒரு தப்பு இருக்கிறது. உன்னைக் காப்பாற்ற நான் வாயை மூடிக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறாய். நான் அவ்வளவு பெரிய புண்ணியவதி இல்லை. 1959-ல் நீ பேசி முடித்ததும் என்ன நடந்தது என்று உனக்கு ஞாபகம் இல்லை. நீ பேசிய களைப்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாய். யாரும் அசையவில்லை. அப்பாகூட அசையவில்லை. கதவோரம் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான்தான் முதலில் கை தூக்கினேன். எனக்கு ஓட்டே கிடையாது! "என் தம்பி என்னமா பேசுறான்" என்ற பூரிப்பில் தூக்கிவிட்டேன். மீனைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள், சிரித்தார்கள், பிறகு ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். உன்னைக் குற்றம் சொல்லி ஒரு வரி எழுதினால் அடுத்த வரியில் என் பெயரை எழுத வேண்டியிருக்கும். அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. நீ முந்திக்கொண்டாய்.

நேற்றும், கூண்டும் பழைய விதியும் வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்று தலைவர் சொன்னதும், முதலில் தூக்கியவள் நான். இந்தத் தடவை ஓட்டு உண்டு, உன் கையெழுத்தோடு. மீனைப் பற்றி மட்டும்தான் நினைத்தேன். தூக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். சுற்றிப் பார்க்கப் பயமாக இருந்தது. நாற்காலிகள் கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது தலைவர் விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். பதினொன்றில் எட்டு.

உன் அக்கா,
குன்வோர்